ஏழு டப்பாக்களும் எட்டு நாட்களும்

சேலம் மாவட்டத்திலிருந்து கணக்கு ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 47. சைவ உணவுக்காரர். தைராய்டு குறைபாட்டுக்காக ஆறு ஆண்டுகளாகத் தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்சின் எடுத்துக்கொள்கிறார். சென்ற ஆண்டு அசதி, முடி உதிர்வு, பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு என்று தொந்தரவுகள் தொடங்கின. சலுகை விலையில் 'முழு உடல் பரிசோதனை' செய்துகொண்டார். வைட்டமின் டி 14, பி12 168, ஹீமோகுளோபின் 10.1 என்று முடிவு வந்தது. மூன்றுமே குறைவு.

அன்று தொடங்கியது மாத்திரைப் படலம். வாரத்துக்கு ஒரு 60,000 யூனிட் வைட்டமின் டி பொடி, கால்சியம், இரும்புச்சத்து, நரம்புக்கான பி12 மாத்திரை, முடிக்கு 10 மில்லிகிராம் பயோட்டின், மீன் எண்ணெய், அமெரிக்காவிலிருந்து தங்கை அனுப்பிய மல்டிவைட்டமின். ஆக மொத்தம் ஏழு டப்பாக்கள், மாதம் 3,400 ரூபாய். "காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விழுங்கிவிடுவேன். பத்து நிமிடத்தில் காபி" என்கிறார். ஒன்பது மாதங்களாகிவிட்டன. பாதத்தில் எறும்பு ஊர்வது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அசதி அப்படியே இருக்கிறது, மலச்சிக்கல் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. மறுபரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8, டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறிக் காட்டும் எண்) 2.1, பி12 '2000-க்கு மேல்'. பி12 விஷமாகிவிட்டதோ என்று பயப்படுகிறார். "சத்து மாத்திரைதானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும்" என்பது கணவரின் வாதம். "எதை நிறுத்துவது? இனி ஆயுள் முழுக்க இப்படித்தானா? கைக்குத்தல் அரிசி, பழைய சோறு என்று மாறினால் போதாதா?" இவை அவருடைய கேள்விகள். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: "மாதவிலக்கு இரண்டு வருடமாக எட்டு நாள் வரை போகிறது, வயது அப்படி."

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏழு டப்பாக்களுக்கு மூன்று பக்கம் ஒதுக்கிய நீங்கள், எட்டு நாட்களுக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் அதை மாற்றிப்போட்டுப் படித்தேன். நேரில் பார்க்காமல் நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் நீங்கள் கொடுத்த எண்களை வைத்து எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று காட்ட முடியும். முதலில் அந்தக் காலை ஆறு மணிக்கு வருவோம்.

ஒரே மூச்சில் விழுங்கினால்

தைராக்சின் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, தனியாகப் போனால்தான் குடல் அதை ஒழுங்காக உறிஞ்சும். கால்சியமும் இரும்பும் குடலிலேயே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட மருந்து இரத்தத்துக்குப் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும். தைராக்சினுக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காபியும் உறிஞ்சுதலைக் குறைக்கும் என்பதால் அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். நீங்கள் 75 மைக்ரோகிராம் விழுங்குகிறீர்கள். அதில் உடலுக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்பது ஒன்பது மாதங்களாக யாருக்கும் தெரியாது.

இரும்பு மாத்திரையின் கதையும் அதேதான். கால்சியத்தோடு போட்டியிட்டுத் தோற்கும், காபி வந்து மிச்சத்தையும் கெடுக்கும். இப்படிச் சாப்பிட்டுவிட்டு ஹீமோகுளோபின் ஏறவில்லையே என்று மாத்திரையைக் குறை சொல்ல முடியாது.

"அப்படியானால் டி.எஸ்.எச். ஏன் 2.1 என்று சரியாக வந்தது?" என்று கேட்பீர்கள். அங்கேதான் முடி மாத்திரை வருகிறது.

அந்த அறிக்கையில் நம்பக்கூடாத எண்

பயோட்டின் நமக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 40 மைக்ரோகிராம் போதும். உங்கள் மாத்திரையில் இருப்பது 10 மில்லிகிராம், அதாவது 10,000 மைக்ரோகிராம். எத்தனை மடங்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு பயோட்டின் இரத்தத்தில் மிதக்கும்போது, பயோட்டினையே பசையாகப் பயன்படுத்தும் ஆய்வக முறைகள் குழம்பிப்போகும். டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், தைராக்சின் அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. எல்லா ஆய்வகக் கருவிகளும் ஏமாறுவதில்லை. ஆனால் உங்கள் ஆய்வகத்தில் எந்தக் கருவி என்பது அறிக்கையில் இருக்காது.

மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனையையும் பயோட்டின் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும். நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்கு யாராவது போக நேர்ந்தால் 'முடி மாத்திரை சாப்பிடுகிறேன்' என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராத தகவல் இது.

அந்த 2.1-ஐ நான் அடித்துவிடுகிறேன். பயோட்டினை நிறுத்துங்கள். முடி உதிர்வுக்கு இரும்புக் குறைவும் தைராய்டும் இருக்கும்போது பயோட்டினிடம் போவது, கூரை ஒழுகும் வீட்டில் சுவருக்கு வெள்ளையடிப்பது போலத்தான். கீழே சொல்லும் நேரப்படி ஆறு முதல் எட்டு வாரம் தைராக்சின் சாப்பிட்ட பிறகு டி.எஸ்.எச். பாருங்கள். அதற்குள் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மூன்றாம் பக்கத்தின் அடிவரி

'வயது அப்படி' என்று எழுதியிருக்கிறீர்கள். 47 வயதில் மாதவிலக்கு முறை மாறுவது வழக்கம்தான். ஆனால் எட்டு நாள் போக்கும் 9.8 ஹீமோகுளோபினும் சேர்ந்து வரும்போது அதை வயதின் கணக்கில் எழுதி மூடிவிடக் கூடாது. கருவுற்றிராத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்ததாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருப்பதாலேயே இது நமக்கு இயல்பானதாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இரண்டு ஆண்டுகளாகக் குடத்தில் ஓட்டை. நீங்கள் மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் பாதி வெளியே சிந்தும்படி. ஓட்டை எதனால் என்று பார்க்க வேண்டும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி, ஹார்மோன் மாற்றம், கர்ப்பப்பை உட்சுவர் தடித்திருப்பது என்று பல காரணங்கள் உண்டு. 45 வயதுக்கு மேல் இரத்தப்போக்கு மாறினால் ஸ்கேனும், தேவைப்பட்டால் உட்சுவரிலிருந்து சிறு மாதிரி எடுத்துப் பார்ப்பதும் வழக்கம். புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்வதும் அதன் ஒரு நோக்கம். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், வயதைக் கேட்டுச் சொல்ல முடியாது.

தைராய்டு மருந்து உடலில் சேராமல் போனாலும் மாதவிலக்கு அதிகமாகும். இப்போது மொத்தத்தையும் கோத்துப் பாருங்கள். அசதி என்று கால்சியமும் இரும்பும் எடுத்தீர்கள். அவை தைராக்சினைத் தடுத்திருக்கலாம். தைராய்டு குறைந்து போக்கு கூடியிருக்கலாம். போக்கு கூடி இரும்பு குறைந்திருக்கலாம். இரும்பு குறைந்ததும் அதே ஆறு மணிக்கு மறுபடி இரும்பு. இந்த வட்டத்தைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய ஒரே பரிசோதனையைப் பயோட்டின் பொய் சொல்ல வைத்திருக்கலாம். இத்தனை 'லாம்' போடுவதற்குக் காரணம், நிரூபிக்க எனக்குக் கையில் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் ஏழு டப்பாக்களில் எட்டாவதைச் சேர்ப்பதற்கு முன்பு இதைத்தான் பார்க்க வேண்டும்.

மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு போக்கு, மாடிப்படி ஏறும்போது மூச்சிரைப்பு, படபடப்பு, தலைசுற்றல் இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சிறுநீரில் போவதும் போகாததும்

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. பி வகைகளும் சியும் நீரில் கரைபவை, மிஞ்சினால் பெரும்பாலும் வெளியேறும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. இவற்றில் ஏயும் டியும் உடலில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகக்கூடியவை.

நீங்கள் பயப்பட வேண்டிய எண் பி12-இன் 2000 அல்ல. மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்கு அது அப்படித்தான் ஏறிக் காட்டும். பி12-க்கு இதுதான் ஆபத்தான அளவு என்று உச்சவரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை. மறுபரிசோதனையில் நீங்கள் பார்க்கவே பார்க்காத எண் வைட்டமின் டி. வாரம் 60,000 யூனிட்டை ஏழால் வகுத்தால் நாளுக்கு 8,571. கால்சியம் மாத்திரையிலும் வைட்டமின் டி சேர்த்திருப்பார்கள். அது 500 என்று வையுங்கள். தங்கை அனுப்பியதில் 1,000. நாளுக்குப் பத்தாயிரம் யூனிட்டைத் தாண்டுகிறது. சாதாரணத் தேவை 600, மருத்துவக் கண்காணிப்பின்றி நீண்ட காலம் எடுக்கலாம் என்று சொல்லப்படும் வரம்பு 4,000. குறைபாட்டைச் சரிசெய்ய வாரம் 60,000 கொடுப்பது உண்டுதான், ஆனால் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு. நீங்கள் ஏறத்தாழ நாற்பது வாரங்களாகச் சாப்பிடுகிறீர்கள்.

இதில் குற்றவாளி நீங்கள் மட்டும் இல்லை. 'வாரம் ஒன்று' என்று சீட்டில் எழுதிவிட்டு, எப்போது நிறுத்த வேண்டும் என்று வாயால் சொல்ல மறந்த நாட்கள் எனக்கும் உண்டு. அந்தச் சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

டி மிகையானால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று போகும். உங்கள் மலச்சிக்கலுக்கு இப்போது நான்கு சந்தேகப் புள்ளிகள்: இரும்பு, கால்சியம், தைராய்டு, டி. பொடியை இன்றே நிறுத்திவிட்டு வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் இரத்தத்தில் பாருங்கள்.

நீரில் கரைவதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு, பி6. நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் அதுவே நரம்பைப் பாதித்து, பாதத்தில் அதே எறும்பு ஊர்தலைத் தரும். 'நரம்பு மாத்திரை' என்று விற்பவை பலவற்றில் பி12-ஓடு பி6-ம் இருக்கும், மல்டிவைட்டமினிலும் இருக்கும். டப்பாக்களைத் திருப்பி, பைரிடாக்சின் (பி6-இன் இன்னொரு பெயர்) என்று எழுதியிருக்கும் அளவுகளையெல்லாம் கூட்டிப் பாருங்கள். கால் முழுமையாகச் சரியாகாததற்கு, நரம்பு மெதுவாகத்தான் ஆறும் என்பது ஒரு காரணம். இதுவும் ஒன்றாக இருக்கலாம். சர்க்கரை அளவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டப்பாவைத் திருப்பும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டில் துணை உணவாக உரிமம் பெற்ற டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஒரு வரி ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். முன்பக்கத்தில் நோய்க்குத் தீர்வு போன்ற படம், பின்பக்கத்தில் இந்த வரி.

உணவிலேயே கிடைக்காதா?

கிடைப்பது கிடைக்கும், கிடைக்காதது கிடைக்காது. கைக்குத்தல் அரிசியின் தவிட்டில் பி1 உண்டு. அரிசியைத் தீட்டித் தவிட்டை நீக்கிய ஊர்களில்தான் ஒருகாலத்தில் பி1 குறைவால் பெரிபெரி நோய் வந்தது. நெல்லைப் புழுக்கும்போது பி1-இன் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் தப்பினார்கள். அந்த நோயை ஆராய 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் நம் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய பிரிவுதான் பிற்பாடு ஐதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

ஆனால் பி1 வேறு, பி12 வேறு. ஒரே இனிஷியல் இருப்பதால் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகிவிட மாட்டார்கள். பி12-ஐ உண்டாக்குபவை நுண்ணுயிர்கள். நமக்கு அது வந்து சேர்வது இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக. அரிசியிலும் பருப்பிலும் கீரையிலும் இல்லை. பழைய சோற்றில் பி12 கொட்டிக்கிடப்பதாக வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மாத்திரையை விடாதீர்கள். பழைய சோறு நல்ல உணவு, நானும் கோடையில் சின்ன வெங்காயத்தோடு சாப்பிடுகிறேன், பி12-க்காக இல்லை. ஸ்பைருலினா என்று விற்கும் பாசியில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலவே தோற்றமளித்து வேலை செய்யாத போலி. சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. ஒரு பெரிய டம்ளர் பாலில் ஒரு மைக்ரோகிராமை ஒட்டிக் கிடைக்கும், தேவை இரண்டு சொச்சம். காபியில் விடும் பாலும் நீர்மோரும் அந்தக் கணக்குக்குக் காணாது. அதனால் பி12 மட்டும் உங்களுக்கு ஏதோ ஓர் அளவில் நீண்ட காலத் துணையாக இருக்கப்போகிறது. அதை எண்ணி வருந்த ஒன்றும் இல்லை, விலையும் குறைவு.

கால்சியம் அப்படி இல்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு வேளை கேழ்வரகு, ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர் என்று வைத்துக்கொண்டால் தனி மாத்திரைக்கு அவசியம் இராது. இரும்பைப் பொறுத்தவரை, உங்கள் 9.8-ஐ முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமும் தூக்கி நிறுத்தாது, மாத்திரை வேண்டும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் சேர, அதே வேளையில் எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ நெல்லிக்காயோ கூட இருக்கட்டும். காபி ஒரு மணி நேரம் தள்ளி நிற்கட்டும்.

வெயில்? காலை ஆறரை மணி நடையில் டி கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். கிடைக்காது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் அதற்கு உதவும். வகுப்பறை ஜன்னல் கண்ணாடி வழியாக வருவதும் பயன்படாது. ஸ்கூட்டரில் கையுறையும் முகத்தைச் சுற்றிய துப்பட்டாவுமாகப் போகிறவர்களுக்கு இந்த ஊர் வெயிலிலும் டி குறைவது அதனால்தான். மதிய இடைவேளையில் மைதானத்தில் பத்துப் பதினைந்து நிமிடம், முகமும் கையும் வெயில் பட நடந்தால் கொஞ்சம் கிடைக்கும்.

இனி உங்கள் ஒரு நாள்

காலை ஆறுக்குத் தைராக்சின் மட்டும், வெறும் தண்ணீரோடு. ஏழுக்குக் காபி. பதினொரு மணி இடைவேளையில் இரும்பு மாத்திரை, எலுமிச்சைச் சாறோடு. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தாலும் குடல் நன்றாக உறிஞ்சும், வயிற்றுத் தொந்தரவும் குறையும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் போக்கு அதிகமாக இருக்கும் இந்த நிலையில் அளவை உங்கள் மருத்துவரே முடிவுசெய்யட்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், சேமிப்பு நிரம்புவதற்காக. பி12 இரவு உணவுக்குப் பின். பி6 கலக்காத தனி மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள். டி பொடி, கால்சியம், பயோட்டின், மல்டிவைட்டமின், மீன் எண்ணெய் ஐந்தும் பரிசோதனை முடியும்வரை அலமாரியில் இருக்கட்டும்.

மீன் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. சைவம் என்று இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதிவிட்டு, அடுத்த வரியில் மீன் எண்ணெய் என்று எழுதியிருக்கிறீர்கள். 'மாத்திரையாகத்தானே போகிறது' என்று உங்கள் வீட்டில் தீர்ப்பாகியிருக்கும் போலிருக்கிறது. அந்த விவாதத்தில் நான் தலையிடவில்லை. மருத்துவக் காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தென்படவில்லை.

கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் இதே மாத்திரைகளைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவளுக்கு ஹீமோகுளோபினும் பி12-ம் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

மருத்துவரிடம் போகும்போது ஏழு டப்பாக்களையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரைச் சொன்னால் போதாது, பின்பக்கம்தான் வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு முன்பு குறைந்தது மூன்று நாள் பயோட்டின் நின்றிருக்க வேண்டும். பட்டியலில் ஃபெரிட்டின் இருக்கிறதா என்று கேளுங்கள். இரும்புச் சேமிப்பைக் காட்டுவது அதுதான். சலுகைப் பரிசோதனைகளில் பெரும்பாலும் வரும் 'சீரம் அயர்ன்', அதாவது இரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு, அன்று காலை விழுங்கிய மாத்திரையாலேயே ஏறிக் காட்டிவிடும்.

மகளிர் மருத்துவரிடம் அசதியில் தொடங்காதீர்கள். எட்டு நாள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நாளுக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாக விழுகிறதா, கடைசி மூன்று மாதங்களில் எந்தத் தேதி தொடங்கி எந்தத் தேதி முடிந்தது என்று சமையலறைக் காலண்டரைப் பார்த்து ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.